மீளலும் மீட்டலும்

மீட்சி என்பது மீள் என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயராகும். ஆள் என்பது ஆட்சி எனவும், காண் என்பது காட்சி எனவும் நின்றாற்போல, மீள் என்பதும் சி விகுதியேற்று மீட்சி என நின்றது. ‘மீள்கின்றான்’ என்புழி அது தன்வினை. ‘மீட்கின்றான்’ என்புழிப் பிறவினை. முன்னையதிற் போனவன் தானே திரும்புகின்றான். பின்னையதிற் போனதொன்றைப் பிறனொருவன் திருப்புகின்றான். நாள்தோறும் வாயில் வழங்கும் ‘மீண்டும்’ என்னுஞ் சொல்லும் இவ்வடியினின்று வந்ததே.

ஆங்கிலத்திலே ‘றிக்கவரி’ என்னும் ஒரு சொல்லே மருத்துவனுக்கும் வழக்கறிஞனுக்கும் வணிகனுக்கும் நீரியலாளனுக்கும் பொதுவாய் அமைந்து விடுகின்றது. தமிழிலோ நோயாளி தேறுகின்றான். கொடுத்த கடன் அறவிடப்படுகின்றது. ஒற்றி வைத்த காணி மீட்கப்படுகின்றது. இறைத்த கிணறு ஊறுகின்றது. துயருற்ற மனம் ஆறுகின்றது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இவையெல்லாவற்றுக்கும் ‘மீட்பு’ என ஒரே சொல்லை வைத்துப் பாடநூல்களை ஒழுங்குசெய்ய முற்படுவது எளிமைக்கு உதவலாம்; பொருட்டெளிவுக்கு உதவுமோ என்பது ஐயத்துக்குரியது. ஏனெனில், போன பொருள் யாது, அதனைத் திருப்புபவர் யார், திரும்பியது முன்னிருந்த அதுவேயோ என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு துறையும் வேறு விடை கூறுகின்றது. அவ்வேறுபாடுகளை யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், ஊர்காவற்றுறைப் பிரிவைச் சேர்ந்த நாரந்தனை என்னும் ஊரினை மனத்திற்கொண்டு ஆராய்வது பயனுடைத்து. கிணற்று நீரை நம்பிய தோட்டமும், மழையை நம்பிய வயலும், பனையும், தேசவழமையின்படி பங்கிடப்பட்ட காணியும் உடைய இவ்வூரின் மக்களிற் பெரும்பாலோர், 1990 ஆம் ஆண்டில் மீண்டும் மூண்ட போரினால் ஊரை நீங்கி, குடாநாட்டிலும் வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் தங்கினர். ஆகவே மீட்சி பற்றிய வினா இவ்வூருக்குப் புத்தகவினா அன்று.

பழந்தமிழர் மீட்டலை முதன்முதல் இலக்கணவகையாற் பேசியது ஆனிரை பற்றியேயாகும். பகைவர் கவர்ந்த நிரையைத் தொடர்ந்து சென்று மீட்பதைத் தொல்காப்பியர் வெட்சித்திணையினுள்ளே அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள்வெண்பாமாலையாசிரியர் ஐயனாரிதனார் அதனைக் கரந்தை எனத் தனித்திணையாக்கினார். மாடு என்பதற்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டாதலின், நிரை மீட்டலே செல்வ மீட்சியாயிற்று. ஆயின் நிரை மீளும்பொழுது அதனை மீட்கச் சென்ற மறவர் சிலர் மீள்வதில்லை. அவர்க்கு நட்ட கற்கள் தருமபுரி, செங்கம் முதலிய பகுதிகளில் இன்றும் எழுத்தோடு நிற்கின்றன. மீட்கப்பட்ட பொருளொடு மீட்டற்கு ஆன செலவையும் சேர்த்தெண்ண வேண்டுமென்பதைப் பொருளியலார் கூறுமுன்னர் நடுகற்கள் கூறிவிட்டன எனலாம்.

யாழை ‘மீட்டுதல்’ என்னும் வழக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. இழுத்து விடப்பட்ட நரம்பு தன் நிலைக்கு மீளுதலாலேயே இசை பிறக்கின்றது. அளவுக்கு மேல் இழுக்கப்பட்ட நரம்பு மீளாது. நீண்டுவிடும், அன்றேல் அறும். பௌதிகவியலார் மீள்தன்மையெல்லை என்பது இதனையே.

அந்த யாழ்தானும் வழக்கொழிந்து மறைந்த கருவி. அதனை மீட்டெடுத்தவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையையும் அடியார்க்கு நல்லார் உரையையும் துணையாகக்கொண்டு, நரம்புகளின் அளவையும் சுருதிகளின் விகிதத்தையும் கணக்கிட்டு அவர் இயற்றிய யாழ்நூல், 1947 ஆம் ஆண்டிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அதனை வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். மீட்டலைக் குறிக்குந் திணையின் பெயரும் சங்கம் இருந்த ஊரின் பெயரும் ஒன்றாயமைந்தது தற்செயலே யாயினும் இனியதொரு தற்செயல். மண்ணிலிருந்து ஒரு பழைய யாழ் தோண்டியெடுக்கப்படவில்லை. மீண்டது பொருளன்று, அப்பொருளைச் செய்யும் அறிவு.

நூல் மீட்சி இதனின் வேறு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஈண்டுப் பிரதி ஒன்றேனும் எஞ்சியிருந்தால் மாத்திரமே மீட்சி கைகூடும். கணக்கினால் ஒரு கலிப்பாவை மீட்டல் இயலாது. நாரந்தனைக்கு அயலூராகிய கரம்பொன்னில் 1913 இற் பிறந்த தனிநாயக அடிகளாரின் பணியும் இவ்வகையினதே. அந்தாம் தெ புறோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்தபின் 1679 இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களையுடைய அந்நூல் தமிழுலகின் கண்ணுக்கு மறைந்தே போயிற்று. அடிகளார் 1954 இல் அதனை உரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்திற் கண்டார். 1966 இல் மலாயாப் பல்கலைக்கழக வாயிலாக அதன் நிழற்படிப் பதிப்பு வெளிவந்தது. நூல் வத்திக்கானில் எந்நாளும் இருந்தபடியே இருந்தது. தொலைந்திருந்தது நூலன்று, நூலுக்கும் படிப்போர்க்கும் இடையிலிருந்த தொடர்பு. சுவடிக்காப்பகங்களிலே நிகழும் மீட்சிகளிற் பல இத்தகையனவே.

இதற்கு மறுதலையாய் நிற்பது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 மே 31 ஆம் நாளிரவு மூட்டிய தீயில் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. கட்டடம் மீளக் கட்டப்பட்டு, 2003 ஆம் ஆண்டையடுத்து வாசகருக்குத் திறக்கப்பட்டது. அச்சு நூல்களுக்குப் பிற படிகள் கிடைத்தன. 2005 இற் றொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கி எவரும் படிக்கத்தக்கதாய் வைத்து வருகின்றது. ஆயினும் வேறு படியில்லாத கையெழுத்தேடு எரிந்ததாயின் அதற்கு மீட்சியில்லை. வெண்சுவரும் குவிமாடமும் முன்போலத் தோன்றுவதைக் கண்டு நூலகம் மீண்டுவிட்டதென்பார் கூற்று, வீட்டைக் கண்டு குடியைக் கண்டதாகக் கூறுவதை ஒக்கும்.

மருத்துவத்துறைக்கு வருவோமாயின், ‘தேறுதல்’ என்னுஞ் சொல்லின் நயம் புலனாகும். தேறுதலாவது தெளிதல். கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வித்துக்குத் தேற்றாங்கொட்டை எனப் பெயர். தெளிந்த மதுவுக்குத் தேறல் எனப் பெயர். நோயாளி தேறினான் என்னும்பொழுது, வெளியிலிருந்து எதனையும் அவன் மீட்டுக் கொணரவில்லை; அவன் உடம்பிலே கலங்கியது தெளிந்தது. மருந்தும் பத்தியமும் துணைக்காரணங்களே. மீட்சி பகுதியாகவும் நிகழலாமென்பதற்குச் சைவ நன்மக்கள் நன்கறிந்த சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு சான்று: திருவொற்றியூரிற் செய்த சூளுறவு பிழைத்தமையாற் கண்ணொளி இழந்த நாயனார், இடக்கண்ணைக் காஞ்சியிலும் வலக்கண்ணைத் திருவாரூரிலும் பெற்றாரெனப் பெரியபுராணங் கூறும். இரண்டு கண்ணுக்கும் இடையிலே நெடுவழி ஒன்று கிடந்தது.

தேறுதலும் நோய்நீக்கமும் ஒன்றல்ல என்பதை இலங்கை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1934 - 35 இல் எழுந்த மலேரியாக் காய்ச்சல் ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. 1946 தொடக்கம் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட, 1963 இல் நாடு முழுவதிலும் நோயுற்றோர் தொகை 17 ஆகக் குறைந்தது. நாடு மீண்டுவிட்டதென மகிழ்ந்து தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புந் தளர்ந்தது. 1969 ஆம் ஆண்டிலே நோயுற்றோர் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டனர். மலேரியாக் கிருமியின் ஒருவகை, காய்ச்சல் தணிந்த பின்னரும் ஈரலிலே உறங்கிக் கிடந்து திங்கள் பல கழித்து மீளும் இயல்பினது. மீள்வது நோயாளியோ நோயோ என்பதைக் காய்ச்சற்கோல் காட்டாது. பின்னர் நெடுங்காலம் தளராது உழைத்தே இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

கிணறுகளைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்; தீவக வாழ்வு அதனையே பற்றி நிற்கின்றது. ஆறில்லாத இந்நிலப்பகுதியில் மாரிமழை சுண்ணக்கல்லினூடும் மணலினூடும் இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அதன் கீழும் சுற்றிலும் கடலின் உவர்நீர். நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை போல் நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் நாற்பதிலொரு பங்கு நிறை கூடியதாதலின், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நிற்குமாயின், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். ஒல்லாந்தராகிய கைபென் என்பாரும் செருமானியராகிய கேர்ஸ்பேர்க் என்பாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே கண்ட விதி இது. இதன் மறுபக்கமே அச்சந்தருவது. இறைப்பினால் நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நிற்குமாயின், உவர்நீரின் எல்லை காலப்போக்கில் நாற்பதடி மேலெழும்.

இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பது பழமொழி. துலாவும் பட்டையும் வழங்கிய காலத்தில் அது முற்றும் பொருந்தியது. துலா மிதிப்பவனின் காலும் பட்டை பிடிப்பவனின் கையும் ஓயும்பொழுது கிணறும் ஓய்வு பெற்றது. இரவிலே ஊறி விடியலில் முன்னைய மட்டத்துக்கு வந்தது. மண்ணெண்ணெய் யந்திரமும் மின்யந்திரமும் வந்தபின் மனிதனுடைய களைப்பு என்னும் தடை நீங்கிற்று. யந்திரம் விரைவாக இழுக்கும்பொழுது, கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்புபோல எழுகின்றது. யந்திரத்தை நிறுத்தினால் மட்டம் சில நாழிகையில் மீள்கின்றது. கயிறு விட்டு அளப்பவன் கிணறு ஊறிவிட்டதென்பான். வாயில் வைத்துப் பார்ப்பவன் உவர்க்கின்றதென்பான். இருவர் கூற்றும் மெய்யே. மட்டம் மீண்டது, நீர் மீளவில்லை. கல்லின் நுண்டுளைகளிலே புகுந்த உப்பைக் கழுவி நீக்க ஒரு மாரி போதாது. பல மாரி வேண்டும், அதுவும் இறைப்பைக் குறைத்தால். பழமொழி பொய்யன்று, கடலோரக் கிணற்றுக்கு அது பாதி மெய் என்க. பொறியியலார் கிணற்றைச் சோதிக்கும்பொழுது மட்டம் திரும்பும் வேகத்தையே மீட்சி எனக் குறித்துக்கொள்வர். தீவகத்திலே அவ்வளவையோடு உவரளவையும் சேராவிடத்து அக்குறிப்பாற் பயனில்லை.

இதே தீவின் தென்பகுதியில் வேலணைச் சாட்டிக் கடற்கரையை அடுத்த மணற்பாங்கான நிலத்துக் கிணறுகள் நன்னீருக்குப் பெயர்பெற்றவை. அயற்றீவுகளுக்கும் அந்நீர் சென்றுள்ளது. மணல் மழையை உறிஞ்சி வைத்திருப்பதே காரணம். அம்மணலை அள்ளி விற்றால் வில்லையின் மேற்பகுதி குறையும்; கீழ்ப்பகுதி அதன் நாற்பது மடங்கு குறையும். மணலைத் திரும்பக் கொட்டி அந்நீரை மீட்டல் எவராலும் இயலாது. போர்க்காலத்திற் கைவிடப்பட்ட தோட்டக்கிணறுகளின் நிலையோ இருதலையானது: ஆண்டுக்கணக்காக இறைப்பின்றிக் கிடந்தமையால் நிலத்தடி நீருக்கு ஓய்வு கிடைத்தது, கிணறுகளோ தூர்ந்தும் கட்டு இடிந்தும் பற்றை மூடியும் போயின. மனிதன் நீங்கியதால் நீர் தேறிற்று, நீரை எடுக்கும் வாயில் கெட்டது.

மீட்சி என்னுஞ் சொல்லைச் சித்தாந்த சைவம் முத்திக்குப் பெரிதும் வழங்காமைக்கும் ஒரு காரணம் உண்டு. மீள்வதாயின் முன்பு இருந்த நல்ல நிலையொன்று இருந்திருத்தல் வேண்டும். கிறித்து சமயத்தார் ஆதி மனிதன் இழந்த நிலை ஒன்றைக் கொள்வராகலின் மீட்பு, மீட்பர் என்னுஞ் சொற்கள் அவர் கொள்கைக்கு இயல்பாய்ப் பொருந்துகின்றன. சைவ சித்தாந்தமோ ஆணவமலம் செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உள்ளது என்னும். உயிர் ஒருகாலத்துத் தூயதாயிருந்து பின்பு கெட்டதன்று. ஆகவே அது விடுதலையடைவதன்றி மீள்வதில்லை. ‘விடு’ என்பதன் வழிவந்த ‘வீடு’ என்னுஞ் சொல்லை ஆன்றோர் ஆண்டமை எத்துணைப் பொருத்தம்! இருக்கும் இல்லத்துக்கும் அதுவே பெயராயிருப்பது, இல்லத்தை விட்டு நீங்கிய மக்களுக்குச் சிறிது கசப்பான சிலேடையாய்த் தோன்றலாம்.

இனிக் காணி மீட்சி. ஒல்லாந்தத் தேசாதிபதியின் கட்டளைப்படி கிளாஸ் ஈசாக்சு என்னும் திசாவை தொகுத்து 1707 இல் அளித்தது தேசவழமை. ஆங்கிலேயர் அதற்கு 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் சட்டவலிமை தந்தனர். அதிற் காணப்படும் ஒற்றி என்பது, கடன் கொடுத்தவன் வட்டிக்கு ஈடாகக் காணியைத் தன் கையிற் பெற்று அதன் விளைவை நுகரும் முறை. முதலைத் திருப்பிக் கொடுத்து உரியவன் காணியை மீட்கலாம். நினைத்த நாளில் மீட்டல் ஆகாது. வயலுக்கும் தோப்புக்கும் அவ்வவற்றின் விளைவுகாலத்தை ஒட்டியே மீட்குங் காலம் அமைந்தது. விதைத்தவன் அறுக்குமுன் காணியைப் பறித்தல் நீதியன்று என்பது கருத்து. மீட்பவனுக்கு உரிமை இருந்தும் கைக்கொண்டிருப்பவனின் உழைப்பையும் மதித்த இவ்விதி, பிற்காலச் சட்டங்கள் பலவற்றினும் நுண்ணியது என்றே சொல்ல வேண்டும்.

ஒற்றியில் வைத்த காணிக்கு உரியவன் இன்னான் என்பதில் ஐயமில்லை. விட்டுப்போன காணிக்கோ 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் குறுக்கிடுகின்றது. பிறருரிமையை ஏற்காது பத்தாண்டு இடையறாமல் ஆண்டவன் அக்காணிக்கு உரிமை நாட்டலாமென்பது அதன் சாரம். இளமை, சித்தப்பிரமை, கடல் கடந்து வாழ்தல் ஆகிய இயலாமைகள் உள்ளோருக்கு அச்சட்டம் விலக்களித்தது. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் தேடிச் சென்ற தீவகத்தாருக்கு இவ்விலக்கு ஒரு காவல். ஆயின் குண்டுக்கு அஞ்சி வன்னிக்குச் சென்றவன் கடல் கடந்தவன் ஆகான். சட்டத்தின் கண்ணுக்கு அவன் வழக்கிட இயன்றும் இடாதவன். இக்குறையை நோக்கியே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் எழுந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவினரின் செயலால் நீதிமன்றை நாட முடியாதிருந்தோர், குறித்த கால எல்லைக்குள் வழக்கிடின் அக்காலம் அவர்க்கு எதிராக எண்ணப்படாமைக்கு அது வழி செய்தது. அரச படையினர் கைக்கொண்ட காணிகளின் விடுவிப்பு இதனின் வேறான, நெடிய வழி.

இதனோடு முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பிரியுந் தேசவழமை உரிமைகளையும் சேர்த்து நோக்குக. எட்டுப் பரப்புக் காணி, அதாவது அரை ஏக்கர், தலைமுறை இரண்டு கழிய இருபது பங்காளருக்கு உரியதாகின்றது. அவருள் ஒருவர் நாரந்தனையிலும், ஏனையோர் கொழும்பு, இலண்டன், பாரிசு, ரொறன்ரோ எனப் பல நகரங்களிலும் வாழ்தல் இன்று புதுமையன்று. விற்பதாயின் 1947 ஆம் ஆண்டின் முற்கொள்வனவுக் கட்டளைச்சட்டப்படி பங்காளருக்கு முதலில் அறிவித்தல் வேண்டும். பிரிப்பதாயின் அனைவரும் ஒப்பமிடல் வேண்டும், அன்றேற் பிரிவினை வழக்குத் தொடரல் வேண்டும். கடல் கடந்தோர் அற்றோணித் தத்துவம் அனுப்புவர், சிலர் அனுப்பார். ஊரிலே நின்று வேலியடைத்து, கிணறிறைத்து, பனையைக் காத்தவர் தாமே அதற்கு முழுவுரிமையாளர் என எண்ணுதல் இயல்பு. ஆனால் கூட்டுரிமையாளன் ஒருவனின் ஆட்சி அனைவருடைய ஆட்சியுமாகும் என்று பிரிவுக் கவுன்சில் கொறயா எதிர் அப்புகாமி என்னும் வழக்கில் 1911 இலேயே தீர்த்தது. ஏனையோரை வெளிப்படையாக விலக்கினாலன்றி அவர் தனியுரிமை நாட்டல் அரிது.

இங்ஙனம் சட்டம் சென்றவரின் பங்கைக் காக்கின்றது. ஆயின் அதற்கும் எல்லையுண்டு. பிறனொருவன் முப்பதாண்டு எதிருரிமையாய் ஆண்ட காணிக்கு, உரியவன் கடல் கடந்திருந்தான் என்னும் விலக்கும் பயன்படாதென 1871 ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது. 1990 இல் நீங்கியவர்க்கு அம்முப்பதாண்டு 2020 இல் நிறைந்தது. சிறப்பேற்பாட்டின் காவலைப் பெறாதார் காணிகளைப் பொறுத்தவரை, உறுதியிலுள்ள பெயரும் வேலிக்குள் உள்ளவர் பெயரும் வேறாயின், இனி அவை மீள்வது உடன்பாட்டினாலேயன்றி வழக்கினாலன்று.